தோட்டத்துல எடுத்த போட்டோவ வச்சு குட்டி ஹோவர்ஃப்ளைக்கு பேர் கண்டுபிடிக்கிறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

அவரைக்கொடியில அசுவினி ஏறின கொஞ்ச நாள்லயே மஞ்சளும் கருப்புமா கோடு போட்ட ஒரு சின்ன ஈ வந்து, பூவுக்கு முன்னாடி அந்தரத்துல அப்படியே நின்னு, சட்டுனு பக்கவாட்டுல நகந்து, மறுபடி நிக்கும், பாத்திருப்பீங்க. அதுதான் ஹோவர்ஃப்ளை, வேளாண்மைத் துறை ஆளுங்க சிர்ஃபிட் ஈன்னு சொல்றது. இத குளவின்னு நெனச்சு அடிச்சுப் போடுறவங்க இருக்காங்க, காய்கறி பழ ஈன்னு நெனச்சு மருந்து தெளிக்கிறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருமே தன் தோட்டத்து காவல்காரனத்தான் கொல்றாங்க, ஏன்னா இதுல நிறைய இனங்களோட புழு அசுவினிய தின்னுதான் வளருது. அதனால பேர் தெரியுறது வெறும் ஆசைக்கு மட்டும் இல்ல.

நான் ஆரம்பிச்சப்ப கைல கெடச்ச கைடு எல்லாம் ஐரோப்பா தோட்டத்துக்கு எழுதினது, நம்ம ஊர்ல வர்ற 5 மில்லிமீட்டர் ஈக்கு அதுல பாதி பொருந்தாது. யார்கிட்ட போட்டோ காட்டினாலும் "மொகம் தெரியலயே, றெக்கை தெரியலயே"ன்னு திரும்பி வரும். அப்புறம்தான் புரிஞ்சுது, பேர் முடிவாகுறது பின்னாடி உக்காந்து தேடுறப்ப இல்ல, ஈ முன்னாடி நிக்கிற அந்த சில செகண்டுல என்னென்ன கோணத்துல எடுத்தோம்ங்கிறதுலதான். கீழ எழுதியிருக்கிறது தமிழ்நாட்டு சமவெளி தோட்டம், மாடித்தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு. ஊட்டி கொடைக்கானல்காரங்களுக்கு படி எல்லாம் அதேதான், வர்ற இனங்க கொஞ்சம் மாறும்.

1. மொதல்ல அது ஹோவர்ஃப்ளைதானான்னு பாருங்க

இத தாண்டாம அடுத்த படிக்கு போகாதீங்க, பாதி பேர் இங்கதான் வழுக்குறாங்க.

ஈக்கு றெக்கை ரெண்டுதான். தேனீ, குளவிக்கு நாலு. ஆனா போட்டோவுல றெக்கைய எண்றது கஷ்டம், அதனால உணர்கொம்ப பாருங்க, ஹோவர்ஃப்ளைக்கு பெரும்பாலும் குட்டையா கண்ணு ரெண்டுக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கும், தேனீக்கும் குளவிக்கும் நீளமா தனியா தெரியும். தலையில முக்கால்வாசி கண்ணாவே இருந்தா ஈ பக்கம்தான்.

அடுத்து, எந்த ஈ? றெக்கைய ஜூம் பண்ணுங்க. ஹோவர்ஃப்ளை றெக்கையில நரம்புங்க நேரா ஓரம் வரைக்கும் ஓடாது, வெளி ஓரத்துக்கு கொஞ்சம் உள்ளயே வளைஞ்சு ஓரத்துக்கு இணையா போகும், பாக்க றெக்கைக்கு உள்ள இன்னொரு ஓரம் இருக்கற மாதிரி தெரியும். அதோட றெக்கை நடுவுல எந்த நரம்போடயும் சேராம மங்கலா ஒரு பொய் நரம்பு ஓடும். இந்த ரெண்டும் இருந்தா சந்தேகமே வேணாம், சிர்ஃபிடே குடும்பம்தான்.

ரொம்ப குழப்புறது பாகல், புடலை, பீர்க்கன்ல வர்ற பழ ஈ. அதுக்கும் நெஞ்சுல மஞ்சக்கோடு இருக்கும், அதுவும் குளவி மாதிரிதான் தெரியும். ஆனா உடம்பு செம்பழுப்பா இருக்கும், றெக்கையோட முன் ஓரம் கருப்பா ஒரு பட்டையா இருக்கும், பெண்ணுக்கு வயிறு முடியுற இடம் கூரா நீட்டிக்கிட்டு இருக்கும், முக்கியமா அது பூவுக்கு முன்னாடி அந்தரத்துல நிக்காது, இலையிலயும் பிஞ்சுலயும் நடந்துக்கிட்டே இருக்கும். பளபளன்னு பச்சையா, நீளக்காலோட இலை மேல நிக்கிற ஈயும் ஹோவர்ஃப்ளை இல்ல, அது நீளக்கால் ஈ, அதுவும் நல்லது பண்றதுதான், விட்டுடுங்க.

2. எப்ப, எங்க போய் நிக்கணும்

காலைல ஏழு மணிலேர்ந்து பத்து வரைக்கும். வெயில் ஏறிட்டா ஈ நிக்கவே நிக்காது, அதுக்கு முன்னாடி இலை மேல உக்காந்து வெயில் காயும், அப்ப கிட்ட போனாலும் சீக்கிரம் பறக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு மேலயும் வரும் ஆனா வெளிச்சம் சீக்கிரம் போயிடும்.

மாசம்னு பாத்தா வடகிழக்கு மழை விட்டதுக்கப்புறம் மார்கழி, தை, மாசி நல்லா இருக்கும். அவரை, தட்டப்பயறுல அசுவினி ஏறுற காலமும் அதுதான், அசுவினி இருக்கற எடத்துலதான் இதுங்க முட்டை வைக்கும்.

செடின்னா பூ விட்ட கொத்தமல்லி, கடுகு, முள்ளங்கி, சோம்பு, துளசி. ஒரு தொட்டி கொத்தமல்லிய பறிக்காம பூக்க விட்டுடுங்க, அது போதும், செலவு ஒரு கைப்பிடி தனியா. தரையில வெட்டுக்காயப் பூண்டு முளைச்சிருந்தா களைன்னு பிடுங்கிடாதீங்க, ரொம்ப குட்டியான பாராகஸ் வகை ஹோவர்ஃப்ளை எல்லாம் அந்தப் பூவுலதான் குனிஞ்சு பாத்தா தெரியும். பந்தலுக்கு மேலயே பாத்துக்கிட்டு இருந்தா அத கடைசி வரைக்கும் பாக்கவே மாட்டீங்க.

பக்கத்துல போறப்ப உங்க நிழல் அது மேல விழக்கூடாது. மெதுவா, குனிஞ்சபடியே போங்க. பறந்துட்டா தொரத்தாதீங்க, அதே பூவுக்கே திரும்பி வர்றது சாதாரணம், கைய ஆட்டாம நில்லுங்க.

3. எடுக்க வேண்டிய போட்டோ: நாலு கோணம்

ஒரே ஈயோட நாலு போட்டோ வேணும். உங்ககிட்ட இருக்க வேண்டிய "ஆவணம்" இதுதான், வேற ஒண்ணும் இல்ல.

மேலேர்ந்து ஒண்ணு. வயித்துல இருக்கற கோடு, நெஞ்சு முடியுற எடத்துல இருக்கற அரைவட்ட தகடு (இதுக்கு ஸ்குடெல்லம்னு பேர், இனிமே அடிக்கடி வரும்), ரெண்டு கண்ணும் நடுவுல ஒட்டுதா இல்ல இடைவெளி இருக்கான்னு, மூணும் இதுல தெரியணும்.

பக்கவாட்டுல ஒண்ணு. நெஞ்சோட ஓரத்துல மஞ்சப்பட்டை இருக்கா, பின்னங்கால் தொடை சாதாரணமா இருக்கா தடிச்சிருக்கா, வயிறு தட்டையா உருண்டையா.

மொகத்துக்கு நேரா ஒண்ணு. எல்லாரும் விட்டுடுறது இதத்தான். மொகம் முழுசா மஞ்சளா, நடுவுல கருப்புக்கோடு ஓடுதா, முழுக்க கருப்பா, இது தெரிஞ்சாலே பல ஜீனஸ் (நெருங்கின இனங்கள சேத்து வைக்கிற கூட்டம், இனத்துக்கு ஒரு படி மேல) கழிஞ்சு போயிடும்.

நாலாவது றெக்கை. ஈ உக்காந்திருக்கறப்ப வெளிச்சத்த பாத்தமாதிரி, பின்னாடி வெளிர் நிறமா ஏதாவது இருக்கற மாதிரி எடுத்தா நரம்பு தெளிவா விழும்.

நாலும் ஒரே ஈயோடதா இருக்கணும். ஒரு கொத்தமல்லிப் பூவுல ஒரே நேரத்துல மூணு இனம் இருக்கலாம், மேலேர்ந்து எடுத்தது ஒண்ணு, மொகம் இன்னொண்ணுன்னு கலந்துட்டா பேர் சொல்றவங்களும் குழம்பி, பதிவும் கெட்டுப்போயிடும். சந்தேகமா இருந்தா தனித்தனியா வச்சுக்கோங்க.

போன்ல எடுக்குறவங்களுக்கு: மேக்ரோ மோட்ல 3, 4 சென்டிமீட்டர் பக்கத்துல போக வேண்டியிருக்கும், அதுக்குள்ள ஈ போயிடும், அதனால மொதல்ல தூரத்துலேர்ந்தே ஜூம்ல ரெண்டு எடுத்துட்டு அப்புறம் கிட்ட போங்க. பர்ஸ்ட் மோட் போட்டு ஒரேயடியா இருபது முப்பது எடுத்து நல்லது நாலு வச்சுக்கலாம். ப்ரோ மோட் இருந்தா ஷட்டர் 1/1000 வைங்க. போட்டோவ தானா அழகாக்குற ஏஐ ஆப்ஷன் இருந்தா கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க, அது இல்லாத முடியையும் இல்லாத கோட்டையும் வரைஞ்சு வைக்கும், அப்புறம் அந்த போட்டோவ நம்பவே முடியாது. வெளிச்சம் அதிகமாயிட்டா மஞ்சள் வெள்ளையா தெரியும், அதனால எக்ஸ்போஷர கொஞ்சம் கொறச்சே வைங்க.

4. சைஸுக்கு ஒரு போட்டோ

போட்டோவுல எல்லா ஈயும் ஒரே பெருசாத்தான் தெரியும். 4 மில்லிமீட்டரா 10 மில்லிமீட்டரான்னு தெரியலன்னா குட்டி பாராகஸுக்கும் அத விட பெரிய இஸ்கியோடனுக்கும் (ரெண்டும் 7ஆவது படியில வருது) வித்தியாசம் தெரியாம பேர் சொல்றவங்களே தடுமாறுவாங்க. ஈ பறந்து போனதும் அது உக்காந்த அதே பூவுக்கு பக்கத்துல ஒரு ஸ்கேல வச்சு ஒரு போட்டோ எடுத்துடுங்க. பூவோட அளவு தெரிஞ்சா ஈயோட அளவ கணக்கு போட்டுடலாம். அஞ்சு செகண்ட் வேலைதான், ஆனா யாருமே பண்றதில்ல.

5. செலவு எவ்வளவு ஆகும்

போன் இருந்தா செலவே இல்லாம ஆரம்பிக்கலாம். போன்ல மாட்டுற கிளிப் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது, ரொம்ப மலிவானதுல ஓரம் எல்லாம் மங்கலா விழும், ஆனா நடுவுல தெளிவா இருந்தா நமக்கு போதும். ஏற்கனவே ஜூம் லென்ஸ் போட்ட கேமரா வச்சிருக்கிறவங்க புதுசா மேக்ரோ லென்ஸ் வாங்காம, முன்னாடி மாட்டுற ரேனாக்ஸ் டிசிஆர் 250 மாதிரி குளோசப் லென்ஸ் வாங்கினா சில ஆயிரத்துல முடியும், தனி மேக்ரோ லென்ஸ்னா அத விட பல மடங்கு. என் அபிப்ராயம், மொத சீசன் முழுக்க போன்லயே எடுங்க, எந்த எடத்துல போன் பத்தலன்னு உங்களுக்கே தெரிஞ்சதுக்கப்புறம் காச போடுங்க.

6. ஆணா பெண்ணா

ரெண்டு கண்ணும் தலை உச்சியில ஒட்டியிருந்தா ஆண், நடுவுல இடைவெளி இருந்தா பெண். எல்லா ஜீனஸுக்கும் இது பொருந்தாது, ஆனா நம்ம தோட்டத்துல வர்ற பெரும்பாலானதுக்கு சரியா வரும். ஏன் பாக்கணும்னா, பல இனங்கள்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் வயித்துக்கோடு வேற வேற மாதிரி இருக்கும், நீங்க ஒப்பிடுற போட்டோவும் அதே பாலா இருக்கணும். அதோட பல இனங்களுக்கு பேர் முடிவு பண்றது ஆணோட பிறப்புறுப்ப வச்சுத்தான், அதனால ஆண் கெடச்சா வயித்து நுனிய பக்கவாட்டுலேர்ந்து கட்டாயம் எடுத்துக்கோங்க.

7. நம்ம தோட்டத்துல வர்ற குட்டிங்க

நெறத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்கன்னு மொதல்லயே சொல்லிடுறேன். கூட்டுப்புழுவா இருந்தப்ப குளிரா இருந்தா ஈ கொஞ்சம் கருப்பா வரும், வெயில்ல வளந்தா மஞ்சள் தூக்கலா வரும். கீழ வர்ற எபிசிர்ஃபஸ்ல இது நல்லாவே தெரியும். புதுசா வெளிய வந்த ஈ வெளிறிப்போய் நெறமே இல்லாம இருக்கும். அதனால அமைப்ப பாருங்க, நெறம் அப்புறம்.

*இஸ்கியோடன் ஸ்குடெல்லாரிஸ்.* சமவெளி காய்கறித் தோட்டத்துல அதிகமா கண்ல படுறது இதுதான், புதுசா ஆரம்பிக்கிறவங்க இத நல்லா பழகிட்டா போதும், மத்தத இதோட ஒப்பிட்டே கத்துக்கலாம். 1 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கம்மி. நெஞ்சு கருப்பா மினுக்கும், ரெண்டு ஓரத்துலயும் பளிச்சுனு மஞ்சப்பட்டை. ஸ்குடெல்லம் மஞ்சள், நடுவுல கொஞ்சம் கறுத்திருக்கும். வயித்துல ரெண்டாவது கட்டத்துல ரெண்டு தனித்தனி மஞ்சப்புள்ளி, அடுத்த ரெண்டு கட்டத்துல வளைஞ்ச மஞ்சப்பட்டை. மொகம் மஞ்சள். ஆணுக்கு பின்னங்கால் தொடை ஆரம்பிக்கிற எடத்துல ஒரு சின்ன முள் நீட்டிக்கிட்டு இருக்கும், பக்கவாட்டு போட்டோவுல அது விழுந்துட்டா ஜீனஸ் உறுதி. சில எடத்துல இதையே சிமோசிர்ஃபஸ்னு போட்டிருப்பாங்க, ரெண்டு ஜீனஸையும் ஒண்ணா சேத்ததால வந்த பேர், வேற ஈன்னு நெனச்சு குழம்பாதீங்க.

*ஸ்ஃபேரோஃபோரியா.* இதுக்கும் ஓரத்துல மஞ்சப்பட்டை உண்டு, அதனால இஸ்கியோடனோட குழம்பும். ஆனா இது மெலிசு, வயிறு ரெண்டு பக்கமும் இணையா நீளமா போகும், ஆணுக்கு வயித்து நுனி கீழ்ப்பக்கம் உருண்டையா தடிச்சு தெரியும். மஞ்சப்பட்டை ஸ்குடெல்லம் வரைக்கும் போகுதா இல்ல றெக்கை ஆரம்பிக்கிற எடத்துலயே நின்னுடுதான்னு பாத்து குறிச்சு வைங்க, பேர் சொல்றவங்க அத கேப்பாங்க. இனத்துப் பேர் போட்டோவுல பெரும்பாலும் வராது.

*எபிசிர்ஃபஸ்.* இது அவ்வளவு குட்டி இல்ல, ஆனா எல்லாரும் மொதல்ல போட்டோ எடுக்குறது இதத்தான். ஆரஞ்சு வயித்துல ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு கருப்புக்கோடு, ஒண்ணு தடிமன், ஒண்ணு மெலிசு. அந்த ரெட்டைக்கோடுதான் அடையாளம். போட்டோவ பாத்து பேர் சொல்ற ஆப் உடனே எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ்னு சொல்லிடும், நம்ம பக்கம் எபிசிர்ஃபஸ் விரிடாரியஸ்னு ரொம்ப நெருங்கின இன்னொரு இனமும் இருக்கு, அதனால எபிசிர்ஃபஸ்னு மட்டும் போட்டு நிறுத்துங்க.

*பாராகஸ்.* எனக்கு ரொம்ப பிடிச்சது. 4லேர்ந்து 6 மில்லிமீட்டர்தான், தூரத்துலேர்ந்து பாத்தா கொசுத்தேனீன்னே நெனப்பீங்க. வயிறு குட்டையா, ஓரம் ரெண்டும் இணையா, மேல ஊசியால குத்தின மாதிரி சின்னச் சின்ன குழியா இருக்கும், கருப்பா இருக்கலாம், செம்பழுப்பா இருக்கலாம். மஞ்சக்கோட்டுல பெருசா ஒண்ணும் இருக்காது. இதுல ரெண்டு கூட்டம் இருக்கு. கண்ணுல வெள்ளை முடி பட்டை பட்டையா மேலேர்ந்து கீழ ஓடி, ஸ்குடெல்லம் நுனி மஞ்சளா இருந்தா அது பாராகஸ்ங்கிற துணை ஜீனஸ், அதுல சிலதுக்கு ஸ்குடெல்லம் ஓரம் ரம்பப் பல்லு மாதிரி இருக்கும். கண்ணு முடி எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருந்து ஸ்குடெல்லம் முழுக் கருப்பா இருந்தா பாண்டாசியாப்தால்மஸ் துணை ஜீனஸ், அங்கயே நிறுத்திடுங்க, அதுக்கு மேல போக மைக்ராஸ்கோப் வேணும், ஆண் வேணும். ஸ்குடெல்லத்த தெளிவா எடுத்தா பாதி வேலை முடிஞ்சிடும்.

*சிரிட்டாவும் யூமெரஸும்.* ரெண்டுக்கும் பின்னங்கால் தொடை தடிச்சிருக்கும், அதான் குழப்பம். சிரிட்டா ஒடம்பு குச்சியா நீளமா, தொடை மட்டும் ஒடம்புக்கு சம்பந்தமே இல்லாம பெருசா, நெஞ்சோட பக்கம் சாம்பல் பூசின மாதிரி. கம்போஸ்ட் தொட்டி, சாணம் பக்கத்துல இருக்கற பூவுல தேடுங்க, அதோட புழு அங்கதான் வளருது. யூமெரஸ் கட்டையா கருப்பா இருக்கும், வயித்துல ரெண்டு பக்கமும் சாய்வா வெளிர் பிறை ஜோடி ஜோடியா இருக்கும், றெக்கையில வெளிப்பக்கத்து நரம்பு உள்நோக்கி மடங்கும். பூவ விட இலையிலயும் மண்ணுலயும் உக்காரும். யூமெரஸ் புழு அசுவினி தின்னாது, அழுகுற கிழங்கு, வேர்லதான் இருக்கும்.

*அல்லோபாக்கா* இடுப்பு ரொம்ப மெலிசா குளவியே மாதிரி இருக்கும், நிழல்ல தேடணும். *மெலனோஸ்டோமாவுக்கு* மொகமும் கருப்பு, ஸ்குடெல்லமும் கருப்பு, புல்லுப் பூவுல உக்காரும். மெலிசான ஒடம்புல கடைசி கட்டங்கள்ல மஞ்சக்கோடு சாய்வா போனா அல்லோகிராப்டாவ யோசிச்சுப் பாருங்க. கண்ணு மேலயே புள்ளி புள்ளியாவோ கோடு கோடாவோ இருந்தா எரிஸ்டலினஸ், அது பெருசு, சாக்கடை ஓரத்துலேர்ந்து வர்றது, இந்தக் கட்டுரையில அது வராது.

8. எங்க நிறுத்தணும்

இனத்துப் பேர் வரலன்னா தோத்துட்டோம்னு நெனக்கிறது இந்த வேலைக்கு பெரிய கெடுதல். ஜீனஸ் சரியா இருக்கற பதிவு, தப்பான இனத்துப் பேரோட இருக்கற பதிவ விட எவ்வளவோ மேல். ஆப் ஒரு பேர் சொன்னா உடனே அந்தப் பேரோட பரவல் மேப்ப திறந்து பாருங்க. ஐரோப்பாவுல மட்டும் புள்ளி இருக்கு, இந்தியாவுல ஒண்ணுமே இல்லன்னா அத எடுத்துக்காதீங்க, அதோட ஜீனஸ் இங்க இருக்கான்னு பாத்து ஜீனஸ் மட்டும் வைங்க. அதுவும் சந்தேகமா இருந்தா சிர்ஃபிடேன்னு குடும்பப் பேர் போதும், பின்னாடி தெரிஞ்சவங்க வந்து ஜீனஸ், இனம்னு கொண்டு போயிடுவாங்க.

9. பதிவு போடுறது

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்னு ரெண்டு தளம் இருக்கு, போட்டோ போட்டா தெரிஞ்சவங்க பேர் சொல்வாங்க, ரெண்டுமே இலவசம். ஒரு ஈக்கு ஒரு பதிவு, அதோட எல்லாக் கோணமும் அதே பதிவுல. ஸ்கேல் போட்டோவையும் கடைசியா சேருங்க. எந்தச் செடி, என்ன நேரம், அசுவினி இருந்துச்சா, ஒடம்பு நீளம் எவ்வளவுன்னு குறிப்புல ரெண்டு வரி எழுதுங்க.

போன்லேர்ந்து நேரா ஏத்துங்க. வாட்ஸப்ல ஒருத்தருக்கு அனுப்பி அவங்ககிட்டேர்ந்து திரும்ப வாங்கி ஏத்தினா தேதி, எடம் எல்லாம் போட்டோவுலேர்ந்து அழிஞ்சு போயிருக்கும், போட்டோவும் சுருங்கிடும், றெக்கை நரம்பு மறைஞ்சிடும். அனுப்பியே ஆகணும்னா டாக்குமெண்டா அனுப்புங்க. ஜூம் பண்ணி வெட்டினத ஏத்துங்க, ஆனா ஒரிஜினல அழிக்காதீங்க.

வீட்டு எடம் வெளிய தெரிய வேணாம்னா லொகேஷன அப்ஸ்க்யூர்டுன்னு மாத்திடுங்க, சுமார் 20 கிலோமீட்டர் அளவு கட்டத்துக்குள்ள எங்கயோன்னு மட்டும்தான் மத்தவங்களுக்கு தெரியும். நீங்க நட்ட செடியில உக்காந்திருந்தாலும் ஈ காட்டு உயிர்தான், வளர்ப்புன்னு டிக் போட்டுடாதீங்க, போட்டா பதிவு கீழ தள்ளப்பட்டுடும். எல்லா உரிமையும் எனக்கேன்னு லைசென்ஸ் வச்சா ஜிபிஐஎஃப்ங்கிற உலகளாவிய உயிரினப் பதிவுத் தரவுக்கு போகாது, அதையும் ஒருமுறை செட்டிங்ஸ்ல பாத்துடுங்க.

ஐநேச்சுரலிஸ்ட்ல ஒரு பதிவு ரிசர்ச் கிரேட் (ஆராய்ச்சிக்கு எடுத்துக்கற தரம்) ஆகணும்னா கொறஞ்சது ரெண்டு பேர் சொல்லியிருக்கணும், சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போகணும். இங்க ஒரு வேண்டுகோள்: யாரோ ஒரு பேர் சொன்னதும் நன்றிக்காக அக்ரீ பட்டன அமுக்காதீங்க. ஏன் அந்தப் பேர்னு கேளுங்க, காரணத்த உங்க போட்டோவுல நீங்களே பாத்துட்டு அப்புறம் அமுக்குங்க. பதில் சில பதிவுக்கு அன்னைக்கே வரும், பாராகஸ் மாதிரி இருந்தா மாசக்கணக்குலயும் ஆகும். நல்ல கோணம் இருந்தா சீக்கிரம் வரும்.

10. ஈ நிக்கவே இல்லன்னா புழுவ வளத்துப் பாருங்க

அசுவினி அப்பியிருக்கற அவரை நுனிய திருப்பிப் பாருங்க. காலே இல்லாத, தலைன்னு தனியா ஒண்ணும் தெரியாத, ஒரு பக்கம் கூரா போற பச்சையோ பழுப்போ புழு அசுவினிக்கு நடுவுல இருந்தா அதுதான். அந்த நுனிய அப்படியே கிள்ளி ஒரு கண்ணாடி டப்பாவுல போட்டு, டப்பா வாய்க்கு மெல்லிசு துணி கட்டி, நிழல்ல வைங்க. தினமும் புது அசுவினி வேணும், ஒரு புழு நிறைய தின்னும், பத்தலன்னா ஒண்ணையொண்ணு கடிச்சிடும், அதனால ஒரு டப்பாவுக்கு ஒரு புழு. தண்ணி தெளிக்காதீங்க, பூஞ்சை பிடிச்சிடும். வேப்பெண்ணெய்யோ வேற மருந்தோ அடிச்ச செடியிலேர்ந்து எடுக்காதீங்க.

கூடு ஒரு பக்கம் உருண்டு இன்னொரு பக்கம் ஒடுங்கி சொட்டு வடிவத்துல இலையில ஒட்டியிருக்கும். நம்ம வெயிலுக்கு கூட்டுலேர்ந்து ஈ வெளிய வர ஒரு வாரம் போல ஆகும். ஈ வெளிய வந்ததும் அவசரப்பட்டு எடுக்காதீங்க, அப்ப நெறம் ஏறியிருக்காது, சில மணி நேரம் விட்டு டப்பா கண்ணாடி வழியாவே நாலு கோணமும் எடுத்துட்டு கொத்தமல்லிப் பூ பக்கத்துல திறந்து விடுங்க. புழு, கூடு, ஈ மூணு போட்டோவும் ஒரே பதிவுல போகலாம், ஆனா மூணுக்கும் தேதிய குறிப்புல எழுதணும். சில நேரம் கூட்டுலேர்ந்து ஈ வராம மெலிசான ஒரு குளவி வரும், டிப்ளாசான் மாதிரி ஒட்டுண்ணிக் குளவிங்க ஹோவர்ஃப்ளை புழுவுக்குள்ளயே வளர்றதுங்க. அதையும் தூக்கிப் போடாம போட்டோ எடுத்து தனிப் பதிவா போட்டு, எந்தப் புழுவுலேர்ந்து வந்துச்சுன்னு ஈ பதிவோட லிங்க அதுல ஒட்டி விடுங்க.